நம்ம ஊர் டைனோசரைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை விட்டால் போதும், எந்த ஊர்ப் பொருட்காட்சிக்குப் போனாலும் தலையை ஆட்டி உறுமுகிற ரப்பர் டைனோசர் ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, டெல்லி அப்பளம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு வந்து உட்காருகிற மாதிரி டைனோசர் நிகழ்ச்சி நடத்தினால் என்ன? முகமூடி செய்வது, வண்ணம் தீட்டுவது எல்லாம் இருக்கட்டும். கூடவே நிலவியல் தெரிந்த ஒருவர் தமிழில் அரை மணி நேரம் பேச வேண்டும், அதுவும் இந்த மண்ணில் கிடைத்த டைனோசரைப் பற்றி.

ஏனென்றால் டி.ரெக்ஸ் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பிள்ளைக்கு, இதே மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸைத் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 1987-இல் அதைப் பற்றி எழுதினார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விலங்கு அது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! முதலில் இறைச்சி தின்னும் வகை என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று முடிவானது. 2023-இல் வந்த ஓர் ஆய்வு அதன் எடையை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. அது சரியென்றால் நீலத் திமிங்கலத்தோடு போட்டி போடுகிற உடம்பு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த எலும்புகள் இன்று இல்லை. மட்கிப் பொடிந்து போய்விட்டன, படங்களும் வர்ணனையும்தான் மிச்சம். அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கும் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்; பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளியான பிறகுதான் எலும்பு என்ற பக்கம் வலுத்தது. இதைக் கேட்கிற எந்தப் பிள்ளையும் "அப்போ அது நிஜமா இருந்துச்சா, எலும்பு இல்லாம எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்காமல் விடாது. பேச்சை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். எல்லாம் முடிந்துபோன பாடமாக ஒப்பிக்காமல், விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொள்வதையும் மனம் மாறுவதையும் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விட மாட்டார்கள்.

செய்ய வைப்பதற்கும் பெரிய செலவு வேண்டாம். முற்றத்தில் கோலமாவால் அந்த 2 மீட்டர் எலும்பை வரைந்து, பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பார்க்கலாம், அப்பாவையும் படுக்க வைக்கலாம். அழிந்துபோன கடல் உயிரினமான அம்மோனைட்டின், நத்தை போலச் சுருண்ட கல்லான ஓடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அதன் அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி ஆளுக்கொன்று செய்து எடுத்துப் போகலாம். அப்புறம் 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்தது என்று வாட்ஸ்அப் முழுக்கப் படம் ஓடியதே, கடைசியில் அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய உருண்டைக் கற்கள் என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். அதையே ஒரு விளையாட்டாக வைக்கலாம்: மேசையில் கற்களைப் பரப்பி, எது முட்டை, எது கல் என்று குடும்பம் குடும்பமாகக் கண்டுபிடிக்கச் சொல்வது. பெரியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன்.

கடல் எங்கேயோ இருக்க, இங்கே எப்படிக் கடல் கிளிஞ்சல் என்றும் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கடல் இந்த இடம் வரை உள்ளே வந்திருந்தது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று வெட்டி சிமென்ட் ஆக்குகிறோம். லாரியில் போகிற கல்லோடு எத்தனை அம்மோனைட் அரைபட்டுப் போகிறதோ. சுரங்கப் பக்கம் போய்ப் பிள்ளைகள் தாங்களாகவே கல் பொறுக்கக் கூடாது, கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அந்த ஞாயிறிலேயே சொல்லிவிடலாம்.

பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே மரத்தடியில் செல்போன் பார்க்கிற பெற்றோருக்கு இடம் தராதீர்கள், கூடவே உட்கார வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். முதல் நிகழ்ச்சியை அரையாண்டு விடுமுறையில் வைத்தால் வெயிலும் குறைவாக இருக்கும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தையும் அன்றே பார்த்துவிட்டு வரலாம், 18 மீட்டர் நீளமுள்ள மரம் கல்லாகிக் கிடப்பதைத் தொலைவிலிருந்து வருகிறவர்கள் தவற விடக் கூடாது. அன்று மட்டும் அரியலூர் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு இடத்துக்கும் ஒரு சிறப்புப் பேருந்து விட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தால் கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வர முடியும்.

இப்படிக்கு,
அரியலூர் வாசகர் ஒருவர்