வாசலில் அடித்த மருந்து மழையோடு எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் சங்கனூர்ப் பள்ளம் என்னும் ஓடைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீதியில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் வீடுகளைச் சுற்றிப் பூச்சி மருந்து அடிப்பது எங்கள் பகுதியில் இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த மருந்து மழைநீரோடு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சென்ற ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, எறும்பும் கரப்பானும் பெருகிவிட்டன என்று ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்திலிருந்து ஆளை வரவழைத்தோம். வந்த இளைஞர் சமையலறை அலமாரிகளின் மூலைகளில் பொட்டுப் பொட்டாக ஜெல் வைத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், சுற்றுச்சுவரின் அடிப்பகுதி, கார் நிறுத்தும் தளம், வாசற்படி, வீதிச் சாக்கடையை நோக்கிச் சரியும் சிமெண்டுச் சாய்வு என்று கோலம் போடக்கூட இடம் விடாமல் நனைத்துவிட்டார். மேற்கே வானம் கறுத்திருந்ததைக் காட்டியபோது, "காஞ்சிருச்சுன்னா போகாதுங்க சார்" என்றார். மூன்று மணி நேரம் கழித்து மழை கொட்டியது. முதல் பத்து நிமிடம் அந்தச் சாய்வில் இறங்கிய தண்ணீர் அரிசி களைந்த தண்ணீரைப் போல வெளுத்து ஓடியதை வாசலில் நின்றபடியே பார்த்தேன்.

வாசலோரம் தரை மட்டத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அல்லிக்கொடி படர்ந்த அந்தத் தொட்டியில், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று பேத்தி கப்பி மீன்களை விட்டிருந்தாள். மறுநாள் காலையில் அத்தனையும் வயிறு மேலாக மிதந்தன. தளத்துத் தண்ணீர் தொட்டிக்குள் வழிந்த தடம் விளிம்பில் தெரிந்தது. மீன்கள் மருந்தினால்தான் செத்தன என்று நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன். மீன் இல்லாத தொட்டியில் பத்தே நாளில் கொசுப்புழு நெளியத் தொடங்கியது.

இன்று வீடுகளில் அடிக்கப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைபென்த்ரின் போன்ற பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. மனித உடல் இவற்றை ஓரளவு விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும் என்பதால், பழைய மருந்துகளைவிட நமக்கு ஆபத்துக் குறைவு என்று சொல்லி விற்கப்படுகின்றன; அதில் உண்மையும் உண்டு. மீனுக்கு அந்தச் சிதைக்கும் திறன் மிகக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம் என்ற அளவிலேயே இவற்றில் சில பல மீன் இனங்களைக் கொன்றுவிடும். இறால் வகை உயிர்களும் தட்டான் போன்றவற்றின் நீர்வாழ் இளம்பூச்சிகளும் அதற்கும் குறைந்த அளவிலேயே மடிவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. ஒரு கிராம் மருந்து பத்து லட்சம் லிட்டர் தண்ணீரை, அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எண்பதுக்கு மேற்பட்டவை சுமக்கும் தண்ணீரை, அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதும். 0.05 சதவீதக் கரைசல் பத்து லிட்டர் அடித்தால் அதில் இருப்பது ஐந்து கிராம்.

மண்ணில் விழுந்தால் பைரித்ராய்டு மண்துகளோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே கிடந்து சிதையும். சிமெண்டில் அப்படியில்லை. சிமெண்டுத் தளத்தின் நுண்ணிய துளைகள் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. அடித்துப் பல வாரங்கள் கழித்துப் பெய்த மழையிலும் மருந்து கழுவிக்கொண்டு வருவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே, காய்ந்துவிட்டால் போகாது என்று அந்த இளைஞர் சொன்னது பாதிதான் சரி. காய்ந்தால் குறைவாகப் போகும், நெடுநாள் போகும். நாமோ வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண்கூடத் தெரியாதபடி சிமெண்டும் டைல்ஸும் போட்டு மூடிவிட்டோம்.

அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து குளோர்பைரிபாஸ், டயசினான் ஆகிய மருந்துகள் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் படிப்படியாக விலக்கப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த பைரித்ராய்டுகள் என்ன செய்தன என்பதைக் கலிபோர்னியாவின் ரோஸ்வில் நகரக் குடியிருப்புகளை ஒட்டிய ஓடைகளில் நடந்த ஆய்வொன்று 2005-இல் வெளிப்படுத்தியது. அந்த ஓடைகளின் வண்டலில் விடப்பட்ட, இறாலுக்குத் தூரத்து உறவான மிகச் சிறிய நீருயிரி பல இடங்களில் பிழைக்கவில்லை. முதன்மைக் காரணம் பைபென்த்ரின் என்று கண்டறியப்பட்டது. அங்கே வயல் எதுவும் இல்லை, வீடுகள்தான். அதன் தொடர்ச்சியாக 2012-இல் அம்மாநில அரசு கொண்டுவந்த விதிகள், தொழில்முறையாக மருந்து அடிப்பவர்கள் மழை பெய்யும்போது வெளியே அடிப்பதைத் தடுத்ததோடு, சிமெண்டுத் தளங்களை முழுவதுமாக நனைக்காமல் வெடிப்பிலும் இடுக்கிலும் புள்ளி புள்ளியாக மட்டுமே இடவேண்டும் என்றும் வரையறுத்தன. மருந்தையே தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். எங்கள் வீதிச் சாக்கடை சங்கனூர்ப் பள்ளத்தில் விழுகிறது. பள்ளம் சிங்காநல்லூர்க் குளத்தை நோக்கிப் போகிறது. கூழைக்கடாவும் முக்குளிப்பானும் மீன் பிடிக்கும் அந்தக் குளத்தைத் தாண்டினால் நொய்யல். இடையில் இந்த மருந்தைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. திருப்பூர்ச் சாயநீருக்கு நிறம் இருந்தது; அதனால் கண்ணில் பட்டது, வழக்கு நடந்தது, 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. பூச்சி மருந்துக்கு அந்தப் பத்து நிமிட வெண்மையைத் தவிர வேறு அடையாளம் இல்லை. ஒரு வீட்டின் அளவு அற்பம்தான். ஆனால் தீபாவளியை ஒட்டி ஒரே வாரத்தில் எத்தனை வீடுகளில் அடிக்கிறார்கள் என்பது வீதியில் நடந்தாலே மூக்குக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாங்கள் மொட்டைமாடித் தண்ணீரைக் குழிக்குத் திருப்பினோம். பின்னர் ஆழ்குழாய்க் கிணறு வற்றியதும், சிலர் வாசல் தளத்துத் தண்ணீரையும் அதே குழிக்கு விட்டார்கள். சிலர் குழியிலிருந்து நேரே ஆழ்குழாய்க்கே இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பைரித்ராய்டு மண்ணில் ஒட்டி நின்றுவிடக்கூடும். ஆனால், கரையானுக்கு இடப்படும் இமிடாகுளோபிரிட் தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. கரையான் மருந்தைச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் துளையிட்டு மண்ணுக்குள் செலுத்துவதே முறை; அவசரத்துக்கு மேலே ஊற்றிவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி இத்தொழில் செய்வோர் உரிமம் பெற வேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரிகள், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலாவது, மழை அறிவிப்பு உள்ள நாளில் வெளிப்புறத்தில் அடிக்கக் கூடாது, தளத்தை முழுவதுமாக நனைக்கக் கூடாது, தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது என்ற மூன்றையும் நிபந்தனையாகச் சேர்க்கலாம். மாநகராட்சி, குளங்களில் நீர் எடுத்துச் சோதிக்கும்போது வண்டலையும் எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த மருந்து தங்குவது சேற்றில்தான். கொசு ஒழிப்புக்காக நீர்நிலைகளில் மீன் விடும் அதே நிர்வாகம், அந்த மீனுக்கு ஆகாதது வீதி வழியாக வந்து சேர்வதைப் பாராமுகமாக விட்டால் செலவு இரட்டிப்பாகும்.

சென்ற வாரம் அதே இளைஞர் மறுபடி வந்தார். மழைக்குறி இல்லாத நாளாகப் பார்த்து நானே வரச்சொல்லியிருந்தேன். தொட்டியை மூடிவைத்துவிட்டு, கதவு நிலைக்குக் கீழுள்ள வெடிப்பிலும் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையிலும் மட்டும் வைக்கச் சொல்லி, எறும்புப் புற்றின் வாயைக் கையால் காட்டினேன். வெளிப்புறத்துக்கு அரை லிட்டர்கூட ஆகவில்லை. எறும்பு இதுவரை தலைகாட்டவில்லை. பில் தொகையை மட்டும் அந்த நிறுவனம் குறைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.