கமலிக்கு, மனை வாங்கும் முன்

கும்பகோணம்

அன்புள்ள கமலி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் ரிட்டயர் ஆனதும் கோயம்புத்தூரை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவும் எங்கள் நகரிலேயே மனை! கிழக்குப் பார்த்ததா, தெருக்குத்து உண்டா, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருஷம் சிறுவாணி குடித்தவளுக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றும்? போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் தண்ணீருக்கு என்னடி குறை என்பாய். கொள்ளிடத்திலிருந்து வரும் கார்ப்பரேஷன் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்களுடையதைப் போன்ற புது நகரில் அது குடிக்க, சமைக்கப் பிடித்து வைக்கிற அளவுக்குத்தான் வரும். மாடி டேங்கிலிருந்து வீடு முழுக்க ஓடுவது போர் தண்ணீர். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலமாகிவிடும். அது வண்டலுக்கு அடியில் கிடக்கும் சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போருக்குள் வந்து சேர்கிறது. இதைத்தான் கடினத் தண்ணீர் என்பது. நாகப்பட்டினம் பக்கத்து உப்புத் தண்ணீர் வேறு. வாயில் வைத்ததுமே கரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இது கரிக்காது. மனை பார்க்க வருகிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு” என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

குடிவந்த பிறகுதான் தெரியும். சோப்பு நுரைக்காது. சோப்பில் உள்ள கொழுப்பு அமிலத்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டு பிசுபிசுவென்று வெள்ளையாகத் திரிந்துவிடும். பக்கெட்டைச் சுற்றி வளையமாகப் படிவது அதுதான். அண்ணனின் வெள்ளை வேட்டி நாளாவட்டத்தில் மங்கிப்போகும், துண்டு காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். எவர்சில்வர் பாத்திரத்தைத் துடைக்காமல் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாகத் தடம் விழும். ஷவரில் பாதித் துளை அடைத்து, தண்ணீர் கோணல்மாணலாகப் பீய்ச்சும்.

சமையலில்தான் எனக்கு ஆத்திரம் வரும். துவரம்பருப்பு மலரவே மலராது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கும். பருப்பின் தோலிலும் சதையிலும் இருக்கிற பெக்டின் என்னும் பசையைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடலாம், ஆனால் சாம்பாரின் வாசனையே போய்விடும். காபி அதைவிட மோசம். டிகிரி காபிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு டிகாஷன் சப்பென்று இருந்தால் என்ன சொல்வது! தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் புளிப்பைச் செத்துப்போக வைத்துவிடும். எங்கள் வீட்டில் காபிக்கும் பருப்புக்கும் போர் தண்ணீர் கிடையவே கிடையாது. கார்ப்பரேஷன் தண்ணீர்க் குடம் காலியானால் காபி இல்லை, அவ்வளவுதான்.

கீசர் கதையைக் கேள். தண்ணீர் சுட வெகுநேரம் ஆகிறதென்று பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் காயிலைக் கழற்றி பாத்ரூம் தரையில் வைத்தார். காயில் எங்கே என்றே தெரியவில்லை. விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. ஸ்பானரால் தட்டியதும் ஓடு ஓடாக உதிர்ந்து சாக்கடை வாய் அடைத்துக்கொண்டது. கடினத்தில் இரண்டு வகை உண்டென்று நான் வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியதுதான். பைகார்பனேட்டால் வருகிற தற்காலிகக் கடினம் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பாகப் பிரிந்துவிடும். சல்பேட், குளோரைடால் வருவது கொதித்தாலும் போகாது. பிரிகிற சுண்ணாம்பு எங்கே அதிகச் சூடோ அங்கே போய் ஒட்டும். அப்புறம் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் கரண்டு பில்லுக்குப் போகும், கடைசியில் காயிலும் எரிந்துபோகும். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்த வீடுகளிலும் இதே கதைதான்.

நீ இங்கே வந்து பால் காய்ச்சுவதற்குள் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் விற்கிற ஒரு ஆள் பெட்டியோடு வந்து நிற்பான், இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் தண்ணீர் ஒரு டம்ளர், அவனுடைய ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகளை விட்டுக் கரண்டு கொடுப்பான். உன் டம்ளர் பழுப்பாகிக் கசடு மிதக்கும், அவனுடையது பளிங்காக நிற்கும். “இதைத்தானம்மா குடிக்கிறீங்க” என்பான். பழுப்பு அவன் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்ததால் வந்தது. உப்பு அதிகமில்லாத தண்ணீரில் கரண்டு அவ்வளவாகப் பாயாது, அதனால் அங்கே கம்பி கரையவில்லை. எங்கள் தெருவில் படித்தவர்களே அந்த டம்ளரைப் பார்த்து மிரண்டு மெஷின் வாங்கினார்கள். சட்டைப்பையில் டி.டி.எஸ். மீட்டரும் வைத்திருப்பான். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். அதில் கடினம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

சிறுநீரகத்தில் கல் வந்துவிடுமோ என்று அண்ணன் பயப்படுவார், தெரியும். கடினத்துக்கென்று உடல்நலத்தை வைத்து ஒரு வரம்பை உலக சுகாதார நிறுவனமே வைக்கவில்லை. வெயிலில் அலைந்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு வழி. என்னைக் கேட்டால் கடினத் தண்ணீர் உடம்பைக் கெடுப்பதைவிட வீட்டைத்தான் கெடுக்கிறது. குடிக்கிற தண்ணீருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அப்படியே போரை விடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும்.

எதிர்வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு அதைக் கழுவ வேண்டும். துணிக்கும் குளியலுக்கும் அருமை. பிபிக்காரர்கள் அதைக் குடிக்கக் கூடாது, கழுவிய உப்புத் தண்ணீரைத் தென்னைக்கும் விடக் கூடாது. நான் அது வைக்கவில்லை. தலைக்குச் சீயக்காய் போடுகிறேன், அது சோப்பு மாதிரித் திரியாது. இட்லிப் பானையில் கொஞ்சம் புளி போட்டு வைப்பேன். குழாய் முனைக்கு எலுமிச்சை மூடி, கெட்டிலுக்குச் சிட்ரிக் ஆசிட். ஆசிட் பாட்டில் வாங்கி டைல்ஸில் ஊற்றாதே, கறையோடு டைல்ஸின் பளபளப்பும் போய்விடும். உன் மாமியார் தேத்தாங்கொட்டை உரைத்துவிடச் சொல்வார். ஆடியில் வரும் புதுத்தண்ணீரின் கலங்கலைத்தான் அது தெளியவைக்கும், கரைந்த சுண்ணாம்பை ஒன்றும் செய்யாது.

வீடு கட்டுகிறவளுக்கு இன்னொரு வசதி உண்டு. 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான், ஆனால் பெரும்பாலானவர்கள் பேருக்கு ஒரு குழியைத் தோண்டி ஜல்லியைக் கொட்டிவிடுகிறார்கள். நீ மழைக்கென்று தனி சம்ப் கட்டு. மழைத் தண்ணீரில் கடினமே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைச் சேர்த்தால் எவ்வளவோ காலத்துக்குப் பருப்பு மலரும். தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியில் மழைத் தண்ணீரைத் தெளியவிட்டு சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்தார்களே, அந்தப் புத்தி நமக்கு ஒரு மாடிக்குக்கூட வரவில்லை.

எனக்கு முழங்கால் வலி முன்புபோல்தான். பெரியவனுக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, பேத்தி இங்கே என்னோடுதான். ஹாஸ்டலில் நம் ரூமில் இருந்த பத்மாவை மகாமகக் குளத்தங்கரையில் பார்த்தேன். உன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அந்த மனைக்குப் பக்கத்து வீட்டுப் போரில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய லேபில் நானே கொடுத்துவிடுகிறேன். கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் விலையைக் குறைத்துக் கேள், சாஃப்ட்னர் செலவைத் தரகர் தலையில் கட்டு. ரிப்போர்ட் வந்ததும் போன் பண்ணுகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

உன்
வசந்தி