'வயதை வென்றார்' என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூத்த டென்னிஸ் வீரர் ஒருவர் தம்மைவிட மிக இளையவரை வீழ்த்தும்போதெல்லாம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் 'வயதை வென்றார்' என்ற தலைப்பு வந்துவிடுகிறது. அதே வீரர் அடுத்த தொடரில் தோற்றால், 'விடைபெறும் நேரம் வந்துவிட்டதா?' என்று கேட்கும் கட்டுரையும் தவறாமல் வருகிறது. அவர் எதைச் செய்து வென்றார், எங்கே சறுக்கித் தோற்றார் என்பது மட்டும் இரண்டிலும் இருப்பதில்லை. பல ஆண்டுகளாக டென்னிஸ் செய்திகளுக்காகவே முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பும் வாசகன் என்ற முறையில், இந்தக் குறையை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டின் இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். ஜூலை 14 அன்று விம்பிள்டன் இறுதிப் போட்டியில் நோவக் ஜோகோவிச்சை கார்லோஸ் அல்கராஸ் 6-2, 6-2, 7-6 என்ற செட்களில் வீழ்த்தினார். ஜோகோவிச்சுக்கு அப்போது வயது 37, அல்கராஸுக்கு 21. வலது முழங்காலில் சவ்வு கிழிந்ததால் பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் ஆடாமலே விலகி, ஜூன் தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஜோகோவிச், ஆறு வாரம்கூட ஆகாத காலுடன் அந்த இறுதிப் போட்டியில் நின்றார் என்பதைப் பலரும் போகிற போக்கில்தான் குறிப்பிட்டார்கள். அந்த ஆண்டில் அதுவரை அவர் ஒரு பட்டமும் வென்றிருக்கவில்லை. ஆகவே 'சகாப்தம் முடிந்தது' என்ற தீர்ப்பு எளிதாக எழுதப்பட்டது.

சரியாக மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அதே இருவரும் மோதினார்கள். களம் ரோலண்ட் கேரோஸின் களிமண் தரை. இரண்டு மாதத்துக்கு முன்பு அல்கராஸ் பிரெஞ்சு ஓபன் பட்டத்தை வென்ற அதே இடம். ஒலிம்பிக் காலிறுதியில் கிரேக்க வீரர் சிட்சிபாஸுடன் ஆடும்போது ஜோகோவிச்சுக்கு முழங்கால் வலி மீண்டும் தலைகாட்டியிருந்தது. இருந்தும் 7-6, 7-6 என்று வென்று, தம் ஆட்ட வாழ்வில் அதுவரை கிட்டாமலிருந்த ஒலிம்பிக் தங்கத்தை அவர் கைப்பற்றினார்.

இந்த வெற்றியின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் செய்தியில் தேடினேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீண்ட அந்த ஆட்டத்தில் இருவருமே ஒருமுறைகூடத் தங்கள் சர்வீஸை, அதாவது தாம் பந்தை அடித்துத் தொடங்கும் கேமை, இழக்கவில்லை. அல்கராஸுக்கு 8 பிரேக் பாயிண்டுகள், அதாவது எதிராளியின் சர்வீஸைப் பறிக்கும் வாய்ப்புகள், கிடைத்தன. எட்டையும் ஜோகோவிச் காப்பாற்றினார். ஜோகோவிச்சுக்குக் கிடைத்த ஆறும் வீணாயின. ஆக, மொத்த ஆட்டமும், செட் 6-6 என்று சமமானதும் ஏழு புள்ளிகளுக்கு ஆடப்படும் இரண்டு டைபிரேக்கர்களில் வந்து நின்றது. அவற்றை அவர் 7-3, 7-2 என்று எடுத்தார். ஐந்து செட் முழுக்க இளைஞனுக்கு ஈடாக ஓட 37 வயது உடலுக்கு இயலாமல் போகலாம். ஆனால் ஏழு புள்ளிகளுக்குள், ஒரு சர்வீஸைக்கூட வீணாக்காமல், அதுவரை பொத்திவைத்திருந்த துணிச்சலையெல்லாம் கொட்டிவிட அந்த உடலால் முடியும். அன்று இரண்டாவது டைபிரேக்கரில் ஓடிக்கொண்டே அவர் குறுக்காக அடித்த ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கையின் பக்கம் அடிக்கும்) அடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கடைசிப் புள்ளி முடிந்ததும் களிமண்ணில் மண்டியிட்டு, கை நடுங்க அவர் அழுதபோது எனக்கும் கண் கலங்கியது.

ஒலிம்பிக்கில் ஆட்டம் மூன்று செட்களுக்குத்தான், விம்பிள்டனைப் போல் ஐந்துக்கு அல்ல என்பது மூத்தவருக்குச் சாதகம் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான், ஐந்து செட் ஆட்டமாக இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதையும் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். அந்தச் சாதகத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தானே ஆட்டத்தின் சுவையே இருக்கிறது.

ரோஜர் பெடரர் 2017 ஆஸ்திரேலிய ஓபனில் வென்ற விதத்தை நினைவுகூர்ந்தால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். முழங்கால் தொல்லையால் ஆறு மாதம் ஒதுங்கியிருந்து, 17ஆவது தரநிலையில், 35 வயதில் களத்துக்குத் திரும்பியவர் அவர். இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் ஐந்து வயது இளையவரான ரஃபேல் நடால். அதுவரை இருவரும் மோதிய ஆட்டங்களில் நடாலுக்கு 23 வெற்றிகள், பெடரருக்கு 11. காரணம் டென்னிஸ் ரசிகர் அனைவரும் அறிந்ததே: நடாலின் இடக்கை ஃபோர்ஹேண்ட் சுழன்று எழும்பி, பெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்டை (மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் அடிக்கும் அடியை) தோள் உயரத்தில் தாக்கும், அவரும் பின்வாங்கிப் பந்தை வெட்டி அனுப்புவார். அந்த இறுதிப் போட்டியில் அவர் பின்வாங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பே மாற்றிக்கொண்டிருந்த பெரிய மட்டையால், பந்து எழும்பி முடிவதற்குள்ளேயே முன்வந்து பேக்ஹேண்டை ஓங்கி அடித்தார். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கிய பிறகு தொடர்ந்து ஐந்து கேம்களை வென்றார். 26 அடிகள் நீண்ட ஒரு புள்ளியை, பக்கக் கோட்டை ஒட்டிய ஃபோர்ஹேண்டால் முடித்ததும் அந்த ஐந்துக்குள்தான் வருகிறது. இருபதுகளில் செய்யாத ஒன்றை முப்பத்தைந்தில் கற்றுக்கொண்டு வந்த மனிதரை 'வயதை வென்றார்' என்ற ஒற்றை வரியில் அடக்குவது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி.

எல்லா மூத்த வீரருக்கும் இது வாய்த்துவிடுவதில்லை. கென் ரோஸ்வால் 1974இல் 39 வயதில் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் இறுதிவரை வந்து, இரண்டிலும் இளம் ஜிம்மி கானர்ஸிடம் நொறுங்கிப்போனார். அந்த கானர்ஸே 1991 அமெரிக்க ஓபனில், தம் 39ஆவது பிறந்தநாளன்று, 24 வயது ஆரன் கிரிக்ஸ்டைனை ஐந்து செட்களில் சாய்த்தார். அரையிறுதியில் ஜிம் கூரியரிடம் நேர் செட்களில் தோற்றார். ரோஸ்வாலின் தோல்விகளையும் நான் குறையாக எண்ணவில்லை. அந்த வயதில் ஒரே ஆண்டில் இரண்டு இறுதிகளை எட்டுவதற்கு அவர் யாரையெல்லாம் எப்படித் தாண்டி வந்தார் என்று யாராவது விரிவாக எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

தங்கள் விளையாட்டுப் பிரிவினரிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இத்தகைய ஆட்டம் நடக்கும்போது வீரரின் வயதைச் செய்தியில் ஒருமுறை மட்டும் குறிப்பிடுங்கள். மிச்ச இடத்தில், எத்தனை பிரேக் பாயிண்டுகள் வந்தன, எத்தனை காப்பாற்றப்பட்டன, எந்த கேமில் ஆட்டம் திரும்பியது, மூத்தவர் எந்த அடியைக் கைவிட்டு எதைப் புதிதாகக் கையாண்டார் என்பதை எழுதுங்கள். இரவில் ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் காலையில் நாளிதழைப் பிரிக்கும் என் போன்றவர்களுக்கு அதுதான் ஆட்டம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்