பதிமூன்றாம் வாய்ப்பாடு

கும்பகோணம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி தேவலை; பதில் தாமதமானதற்கு அப்பாவின் ஸ்பூல் டேப்புகள்தான் காரணம். பரணிலிருந்து 11 டேப்புகளை இறக்கினேன். ஐந்தில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைத்தேன். அப்பாவின் மெஷினில் பெல்ட் உருகித் தாராகிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்தேன், இரண்டு மாதம் கழித்துப் போன மாதிரியே வந்தது, ஒரு திருகாணி மட்டும் குறைவு. கடைசியில் மைத்துனரின் அகாய் மெஷினை வாங்கிவந்து கம்ப்யூட்டரோடு இணைத்தேன்.

டேப்பை ஓட்டுமுன் சூடு பண்ண வேண்டுமா என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் இல்லை. 1970, 80களில் வந்த சில டேப்புகளில் பசை ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கிறீச்சிடும், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாக அப்பும். அந்த வகைக்குத்தான் 50 டிகிரிக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் சூடு. அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த பழைய டேப்பைச் சூடு பண்ணினால் தொலைந்தது. ஸ்பூலை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடி. சுற்றுகளின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அசிடேட். காடி வாசனையும் அடித்தால் சந்தேகமே வேண்டாம், உடனே கம்ப்யூட்டரில் பதிவு பண்ணிவிட வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு வேடிக்கை. 'பங்குனி உத்திரம் 1967, நாகஸ்வரம்' என்று அப்பா எழுதிவைத்த டேப்பைப் போட்டேன். இடது ஸ்பீக்கரில் நாகஸ்வரம், வலதில் ஏதோ பிசாசு பாஷை! அப்பாவின் மெஷின் மோனோ, ஒரே சேனல்தான். டேப்பின் மேல் பாதியில் ஒரு பக்கம், திருப்பிப் போட்டால் கீழ்ப் பாதியில் மறு பக்கம். ஸ்டீரியோ மெஷின் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கிறது, அதில் ஒன்று தலைகீழாக. பழைய டேப்பை இரண்டாம் தடவை இழுக்க மனசில்லை. வலது சேனலைத் தனியே பிரித்துக் கம்ப்யூட்டரிலேயே திருப்பினேன்.

நீ! பதிமூன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாய். "பதிமூணேழு..." என்று நிற்கிறாய். பின்னாலிருந்து நான் கிசுகிசுப்பது மைக்கில் விழுந்திருக்கிறது: "தொண்ணூத்திமூணு." நீ அதையே உரக்கச் சொல்ல, அப்பா சிரிக்கிறார். நான் கிசுகிசுத்ததால்தான் நீ தப்பாகச் சொன்னாய் என்று இத்தனை வருஷம் சண்டை போட்டாயே, சாட்சி கிடைத்துவிட்டது, உன் பக்கம்.

இரைச்சலை நீக்கிப் பார்த்தேன். 'ஸ்'ஸென்ற சத்தம் போயிற்று, கூடவே நாகஸ்வரமும் தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஆயிற்று. அந்த நகலை அழித்துவிட்டேன். ஹெட்டின் ஓரத்துத் திருகை ஒரு மயிரிழை திருப்பியதில் வந்த தெளிவு எந்த மென்பொருளாலும் வரவில்லை. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிற உயர்தரப் பதிவில் இரைச்சலோடு அப்படியே வைத்திருக்கிறேன். 64 நிமிஷ டேப்புக்கு 2 ஜிபிக்கு மேல் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

உன் தாத்தாவின் டேப்புகளை அங்கே யாரிடமும் கொடுக்காதே. வேகமாகச் சுற்றியும் பார்க்காதே, அறுந்துவிடும். கூரியர் வேண்டாம்; பொங்கலுக்கு வரும்போது மடியில் வைத்துக் கொண்டுவா. உன் வாய்ப்பாட்டையும் அப்போது போட்டுக் காட்டுகிறேன், உன் பேரன்கள் முன்னால்.

உன்,
வைத்தி