நான்கு வயதுப் பிள்ளையைத் தாயின் பக்கத்தில் இருத்துவதற்குக் காசு அறவிடுவதை நிறுத்தக் கோரும் மனு (மூன்றாவது தடவை)

போகவந்தலாவை,
நுவரெலியா மாவட்டம்.
2025.10.20

பணிப்பாளர் அவர்கள்,
விமானப் பயணிகளின் முறைப்பாடுகளைக் கவனிக்கும் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

குறைந்த கட்டண விமானங்களில் சிறு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து இருத்துவது தொடர்பாக

இதே விடயமாகக் கடந்த மே மாதம் ஒன்றும் ஜூலை மாதம் ஒன்றுமாக இரண்டு கடிதங்கள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதல் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. இரண்டாவதைப் பற்றித் தொலைபேசியில் கேட்டபோது, "ஃபைலில் இருக்கிறது மிஸ்" என்றார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது போலும். ஆகவே இம்முறை தங்கள் கைக்கே எழுதுகிறேன். தாங்கள் முன்பு ஹட்டனில் கடமையாற்றியவர் என்று கேள்விப்பட்டேன். மழை நாளில் கரோலினாப் பக்கத்துப் பாதை எப்படி இருக்கும், தோட்டத்து வரிசை வீடான லயம் என்றால் என்ன, நாள் வேலைக்குப் பேர் போடுவது என்றால் என்ன என்றெல்லாம் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தத் தைரியத்தில்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

1. நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கடந்த ஏப்ரல் விடுமுறையில் என் மாமியார், 11, 7, 4 வயதுகளில் மூன்று பிள்ளைகள், நான் என ஐந்து பேர் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் போனோம். ஐந்து பேருக்கும் ஒரே பதிவு, ஒரே இலக்கம். உல்லாசப் பயணம் இல்லை ஐயா. மாமியாரின் அக்கா 1973இல் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிப் போனவர். 1964 இலங்கை-இந்தியக் குடியுரிமை ஒப்பந்தத்தின்படி அக்கா குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது, இவர்களுக்கு இலங்கை. பிரிகிறவர்கள் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பேர், தாங்களும் கேட்டிருப்பீர்கள். அக்கா இப்போது கோத்தகிரியில் இருக்கிறார், அங்கேயும் தேயிலைதான். 52 வருடம் கழித்து அவரைப் பார்க்கத்தான் போனோம். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் போயிருக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். போகவந்தலாவையிலிருந்து காங்கேசன்துறை எவ்வளவு தூரம் என்று அவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

2. டிக்கெட் எடுக்கும்போது, இருக்கையை நாங்களே தெரிவு செய்வதென்றால் ஆளுக்கு ஒரு வழிக்கு 1,800 ரூபாய் என்று காட்டியது. ஐந்து பேருக்குப் போக வர 18,000. பயணச் செலவில் பாதி என் மாமியார் கைக்காசுக்கு, அதாவது கிலோக் கணக்குக் கூலிக்குக் கொழுந்து எடுத்துச் சேர்த்தது. அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் 13 நாள் மலைக்குப் போயிருந்தாலும் 17,550தான் வந்திருக்கும், இன்னும் 450 குறைந்திருக்கும். தெரிவு செய்யாவிட்டால் இருக்கை தானாக ஒதுக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. நான்கு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தா வைக்கப் போகிறார்கள் என்று நம்பி விட்டுவிட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் கோயில் மேட்டுக்கு ஏறி, சிக்னல் பிடித்து செக்-இன் செய்தபோதுதான் தெரிந்தது. ஐந்து பேரும் ஐந்து வரிசையில். ஐந்தும் நடு இருக்கை.

3. இந்த மனுவுக்குக் காரணமே இனிச் சொல்லப் போவதுதான்.

எனக்கு 9ஆம் வரிசை, சின்னவனுக்கு 23. 14 வரிசை பின்னால். லயத்தில் மூன்று காம்பரா (அறை) தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் மூன்று காம்பரா தள்ளிப் பிள்ளை அழுதால் ஓடிப் போய்த் தூக்கிவிடலாம். இங்கே பெல்ட் போட்டு இருத்திவிட்டார்கள்.

செக்-இன் கவுண்டரில் கேட்டேன். "உள்ளே போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்" என்றார்கள். உள்ளே அந்தப் பணிப்பெண் நல்ல பிள்ளை, தன்னாலானதைச் செய்தார். ஆனால் சின்னவனுக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் காசு கட்டி ஜன்னலும் ஓரமும் எடுத்தவர்கள். மாற்றிக் கொடுக்க என்னிடம் இருந்தது ஒரு நடு இருக்கை. யார் வாங்குவார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை, முகம் தெரியாத ஆளின் இரக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கதவு மூடியாயிற்று, உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன்.

அவன் கால் தரையில் எட்டாது. பக்கத்தில் இருந்தவர்களின் மொழி தெரியாது. விமானம் மேலே ஏறும்போது "அம்மா, அம்மா" என்று பின்னாலிருந்து சத்தம் வருகிறது. நான் எழும்ப முடியாது. திரும்பிப் பார்த்தால் தலைகள்தான் தெரிகின்றன. பெல்ட் விளக்கு அணைந்தவுடன் எழும்பினேன், நடைபாதையை அடைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்துவிட்டது. அது நகர்ந்து நகர்ந்து போகும்வரை அதன் பின்னாலேயே நின்றேன். போய்ச் சேர்ந்தபோது அவன் காற்சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "ஒண்ணுக்கு" என்று சொல்லியிருக்கிறான், யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர் முகம் சுளிக்கவில்லை, தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். மாற்று உடுப்பு 9ஆம் வரிசைக்கு மேலே இருந்தது.

அவன் அழவில்லை ஐயா. நான் போனபோது அழுகையை நிறுத்தியிருந்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராததால் நிறுத்தியிருக்கிறான். எனக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பது அதுதான். இப்போதும் ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்கிறான், இறங்கும்வரை விடமாட்டான்.

4. திரும்பி வரும்போது எனக்கும் அவனுக்கும் மட்டும் 3,600 ரூபாய் கட்டினேன். கட்டிய நிமிடமே பக்கத்துப் பக்கத்து இருக்கை வந்தது. அப்படியென்றால் முடியாத காரியம் இல்லையே? பிள்ளையின் வயது அவர்களுக்குத் தெரியும், டிக்கெட் எடுக்கும்போதே பிறந்த திகதி கேட்டு வாங்குகிறார்கள். தெரிந்துகொண்டேதான் பிரிக்கிறார்கள்.

5. இது உலகத்தில் இல்லாத கோரிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் 2024 ஏப்ரலில் அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், 12 வயது வரையான பிள்ளைக்கு அதே பதிவில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்திலாவது இருக்கை ஒதுக்க வேண்டும் என்று தன் விமான நிறுவனங்களுக்குப் பணித்திருக்கிறது. கனடாவில் 2019 டிசம்பரிலிருந்து சட்டமே உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 5 முதல் 11 வரை என்றால் அதே வரிசையில், நடுவில் ஒரு இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது. 12, 13 வயதென்றால் ஒரு வரிசை தள்ளி இருக்கலாம். இதற்கு மேலதிகக் காசு இல்லை. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது, வந்த பிறகு தேடிப் படித்தது. தெரிந்திருந்தாலும் கவுண்டரில் நின்று என்ன சொல்லியிருப்பேன்? நம் நாட்டில் அப்படி ஒன்றைச் சொல்லிக் கேட்க வழியிருந்தால் நான் ஏன் மூன்றாவது கடிதம் எழுதுகிறேன்?

விமானம் புறப்பட முதல் பாதுகாப்பு விளக்கம் சொல்கிறார்களே, அதைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். ஒட்சிசன் முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு, பிறகு பிள்ளைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். என் முகமூடி 9இல் விழும், பிள்ளையின் முகமூடி 23இல் விழும். யார் போட்டுவிடுவது? சின்னப் பிள்ளையைத் தனியாக ஏற்றமாட்டோம், பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்று டிக்கெட் விற்கும்போது சொல்கிறவர்களும் இவர்கள்தான். 14 வரிசை தள்ளி இருப்பது எந்தக் கூட?

6. நியாயத்தைப் பேசுவதென்றால், எல்லா இருக்கையும் இலவசமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டிக்கெட் மலிவு, அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் விமானத்தில் ஏறவே முடிகிறது. ஜன்னல் வேண்டுமா, கால் நீட்ட இடம் வேண்டுமா, முன்னால் வேண்டுமா, கட்டணம் வாங்கட்டும். நானே என் மூத்தவனை எங்கே வேண்டுமானாலும் இருக்க விடுவேன். கடைசி வரிசையில் கழிவறை வாசலில் இரண்டு இருக்கை தந்தாலும் போதும், அவனும் நானும் இருந்துகொள்வோம். பக்கத்தில் இருப்பது வசதி இல்லை ஐயா, அதை விற்கக் கூடாது என்பதுதான் என் ஒரே பேச்சு.

7. ஆகவே இலங்கையிலிருந்து புறப்படும் எந்த விமானமானாலும், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதே பதிவில் உள்ள ஒரு பெரியவரின் பக்கத்து இருக்கையை, டிக்கெட் எடுக்கும்போதே, காசில்லாமல் ஒதுக்க வேண்டும் என்று விதி செய்ய ஆவன செய்யுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். "உள்ளே போய்ச் சொல்லுங்கள்" என்பது ஒரு விதி இல்லை.

8. கோத்தகிரி அக்காவுக்கு இப்போது 76 வயது. வரும் டிசம்பர் விடுமுறையில் மறுபடி போக வேண்டும் என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

9. பதில் போடுங்கள் ஐயா. முடியாது என்றாலும் முடியாது என்று எழுதி ஒரு கடிதம் போடுங்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்காதீர்கள் என்று கேட்பதற்கு இன்னும் எத்தனை பதிவுத் தபால் வேண்டும்?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: பதிவுத் தபால் பற்றுச்சீட்டுப் பிரதிகள் 2, விமான அனுமதிச் சீட்டுப் பிரதிகள் 5 (9ஆம், 23ஆம் வரிசைகளைச் சிவப்பு மையால் அடையாளமிட்டுள்ளேன்)