ஓசையைத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

2023 டிசம்பர் 4-ஆம் தேதியைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டியதில்லை; மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்த எவருக்கும் அது தெரியும். எங்கள் சிறிய வீடியோ கேம் நிறுவனம் மூடப்படவில்லை என்பதைச் சொல்லவும், அதற்குக் காரணமானவர்களை வணங்கவுமே இம்மடல்.

100 டாலர் கட்டினால் யாரும் தம் விளையாட்டை விற்கலாம் என்று 2017-இல் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளம் வழிதிறந்தபோது, அத்தொகையை மூன்று நண்பர்கள் பங்கிட்டுக் கட்டித் தொடங்கியது இந்நிறுவனம். வருவாய் 1,000 டாலரை எட்டினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது விதி. எங்கள் முதல் விளையாட்டு அதை எட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. (அதற்கே பிரியாணி வாங்கிக் கொண்டாடினோம்.)

இரண்டாவது விளையாட்டு ஒரு தையற்கடையில் நடப்பது. அதன் நிரல் இணையச் சேமிப்பில் பத்திரமாக இருந்தது. தையல் மிஷினின் ஒலிப்பதிவுகளை மட்டும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைட் ஆகிறதே என்ற சாக்கில், அலுவலக வன்தட்டிலேயே விட்டுவைத்திருந்தேன். வெள்ளத்தில் அவை அழிந்தன. பிழை முழுக்க என்னுடையது. அந்த ஓசைகளை மீண்டும் பதிய வேண்டியிருந்தது.

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் தையற்காரரிடம் தயங்கித் தயங்கித்தான் போனேன். அவருடைய மிஷினும் இரண்டு நாள் நீருக்குள் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, நனைந்துபோன பள்ளிச் சீருடைகளுக்கு மாற்றாகப் புதியவற்றை இரவும் பகலும் தைத்துக்கொண்டிருந்தார். சும்மா ஐந்து நிமிடம் மிதித்துக் காட்டினால் போதும் என்றேன். "வெறும் ஓட்டத்துக்கு வேற சத்தம் தம்பி, துணி இருந்தாத்தான் தையல் சத்தம் வரும். பதினோரு மணிக்கு மேல வாங்க, வண்டி குறையும்" என்றார்.

மூன்று இரவுகள் சென்றோம். பாப்ளின், ஜீன்ஸ், பட்டு எனத் துணிக்குத் துணி ஒலி மாறுவதை அவரே எடுத்துச்சொல்லித் தைத்துக் காட்டினார். தொலைவில் ஆட்டோ வரும் ஓசை கேட்டாலே, நாங்கள் சொல்வதற்கு முன்பே மிதிப்பதை நிறுத்திவிட்டு, அது கடந்ததும் புதிய தையலாகத் தொடங்குவார். வெள்ளத்துக்குப் பின் அந்தச் சக்கரத்தில் ஒரு கீச்சொலி சேர்ந்திருக்கிறது. பழைய பதிவில் அது இல்லை. அதை நீக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். பணத்தை அவர் கையால்கூடத் தொடவில்லை.

மடிக்கணினிகளை இரவல் தந்த கல்லூரி நண்பர்களுக்கும், அம்மாத வாடகையை வேண்டாமென்ற வீட்டு உரிமையாளருக்கும், முதல் விளையாட்டைத் தேடி வாங்கிய உங்கள் அனைவருக்கும் நன்றி. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் ஹலோ கேம்ஸ் என்ற சிறு வீடியோ கேம் குழுவின் அலுவலகம் 2013 கிறிஸ்துமஸ் காலத்தில் வெள்ளத்தில் மூழ்கியதையும், அவர்கள் 2016-இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டை வெளியிட்டதையும் நினைவூட்டி எழுதிய முகமறியாத நண்பரின் கடிதத்தை, சுவர் காய்ந்ததும் ஒட்டிவைத்தோம்.

இனி எங்கள் பதிவுகள் மூன்று இடங்களில் இருக்கும். அவற்றில் ஒன்று தரைத்தளத்தில் இராது. விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப்பட்டியலில் தம் பெயர் வேண்டாம் என்று தையற்காரர் மறுத்துவிட்டதால், 'தெருமுனைத் தையற்கடை' என்று முதல் வரியில் போடுகிறோம். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்க விளையாட்டுல ஊசி உடையுமா?" உடையும் என்றேன். "அப்ப சரி" என்று அடுத்த சட்டையை எடுத்தார்.