மெடிக்கல் பெயிலானவருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளைப் பக்கம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கார அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். உங்கள் கமிஷன் கணக்கைப் பற்றி எழுதவில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை செய்கிறவள். கேட்க வந்தது மெடிக்கலில் பெயிலானவர்களைப் பற்றி.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரண்டுக்கும் இரத்தம் பார்க்கிறார்கள். கிருமி இருந்தால் ‘அன்ஃபிட்’. நீங்கள் பைலை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறீர்கள். அவரும் விசா போன கவலையோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்புகிறார். கடனை எப்படி அடைப்பது என்பதுதான் அவருடைய யோசனை. காய்ச்சல் இல்லை, மஞ்சள்காமாலை இல்லை, மலையேறி வேலை செய்யத் தெம்பும் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி?

பி கிருமி தானாக ஈரலை அழிப்பதில்லை. அதை விரட்டப் போகும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் ஈரல் கலங்களையும் சேர்த்து அழிக்கிறது. ஈரல் புதுக் கலங்களை உண்டாக்கும், அவையும் அழியும். இருபது முப்பது வருஷம் இப்படியே போனால் ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிடும். அதுதான் சிரோசிஸ். ஓயாமல் பெருகும் கலங்களில் மரபணுப் பிழைகள் சேரச் சேர, அதில் ஒன்று புற்றாகிறது. பி கிருமிக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு, தன் மரபணுத் துண்டை நம் கலத்தின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடும். அதனால் சிரோசிஸ் வராமலேயே புற்றுநோய் வரலாம். சி பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகத்தான் அங்கே போகும். இதோடு கசிப்பு என்ற கள்ளச் சாராயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வார்டுக்கு ஒருவர் வந்தார். கண் மஞ்சள், வயிறு முழுக்க நீர், கைகால் மெலிந்து போயிருந்தது. பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டதும் மனைவி சொப்பிங் பேக்கிலிருந்து ஒரு காலாவதியான பாஸ்போர்ட்டை எடுத்து, அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். ஹெபடைடிஸ் பி என்ற வரிக்கு நேரே சிவப்புப் பேனாவில் வட்டம்.

“கட்டார் போகப் பார்த்தது மிஸ். கீழாநெல்லி குடிக்கச் சொன்னாங்க, குடிச்சாரு.”

ஸ்கேனில் கட்டி கை வைக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது. கீழாநெல்லி மேல் எனக்குக் கோபமில்லை. வட்டம் போட்ட கை, கீழே இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கிளினிக்கில் வைரஸ் அளவு பார்த்து, தேவைப்பட்டால் டெனோபோவிர் மாதிரி ஒரு மாத்திரை, நாளுக்கு ஒன்று. அது கிருமியை ஒழித்துவிடாது, ஆனால் அடக்கி வைக்கும், புற்றுநோய் வரும் ஆபத்தையும் குறைக்கும். ஆபத்து கூடியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டால் வெட்டி எடுக்கலாம். ஹெபடைடிஸ் சி என்றால் இன்னும் நல்லது. 8 முதல் 12 வாரம் மாத்திரை போட்டால் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் குணமாகிவிடும்.

இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. உங்கள் ஒபிஸ் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் அதற்கு முன் பிறந்தவர்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி உள்ளவர்கள் குறைவுதான். குறைவு என்பதாலேயே தேடிப் பிடிப்பது கஷ்டம். உங்கள் மெடிக்கல் பிடித்துக் கொடுத்துவிடுகிறது, நாம்தான் கைநழுவ விடுகிறோம்.

அதனால் பெயிலானவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லோர் முன்னும் சொன்னால், அவர் வீடு போய்ச் சேருமுன் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள். சவர பிளேடு, டூத் பிரஷ் மாதிரி இரத்தம் படக்கூடிய சாமான்கள் தனி. பி என்றால் புருஷன் பெண்சாதி, பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்க்க வேண்டும், தொற்றில்லாதவர்களுக்கு ஊசி போடலாம். பெண்ணாக இருந்தால், நாளைக்குக் கர்ப்பமானதும் மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

வேறு இடத்தில் மெடிக்கல் எடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் அலைக்கழிக்காதீர்கள்.

துண்டில் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். ரிப்போர்ட்டின் போட்டோ கொப்பியில் ‘மெடிக்கல் கிளினிக்குக்கு’ என்று எழுதி, பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையகத்துத் தாதி ஒருத்தி